பக்ஷீஸ் பத்திரத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றவர்

"விவசாய நிலத்துக்குத்தான் வரியே கிடையாதே மேடம்" என்று சொல்லிக்கொண்டு ஒருவர் உங்கள் மேஜைக்கு எதிரே வந்து உட்காருவார். அடுத்த வாரமேகூட வந்து உட்காரலாம். சிரித்துவிடாதீர்கள். அவர் சொல்வதில் பாதி உண்மை. பாதி உண்மையோடு வருகிற ஆளிடம்தான் நமக்கு வேலை அதிகம். முழுப் பொய்யோடு வருகிறவரை டீ கொடுத்து அனுப்பிவிடலாம்.

நான் ஓய்வு பெற்று வீட்டில் சும்மா இருக்கிறேன் என்று யாரோ உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். புதிதாக இந்த வரி ஆலோசனைத் தொழிலுக்கு வந்திருக்கிற நீங்கள் ஆளாளுக்கு மாற்றி மாற்றி போன் செய்கிறீர்கள். "மேடம், அப்பா மகளுக்கு நிலம் எழுதி வைக்கிறார், எந்தப் பிரிவு?" என்று கேட்கிறீர்கள். பிரிவு எண்கள் மாறிக்கொண்டே இருக்கும். புதுச் சட்டம் வந்தால் நீங்கள் உருப்போட்டதெல்லாம் வீண். எனக்கு இப்போதே பாதி மறந்துவிட்டது, அதில் எனக்கு ரொம்ப சந்தோஷம். எண்ணை நீங்களே தேடிக்கொள்ளுங்கள். நான் சொல்ல வருவது எந்தச் சட்டப் புத்தகத்திலும் கிடைக்காத ஒரு சமாசாரம்.

இதைத் தமிழில் எழுதுவதற்கும் காரணம் இருக்கிறது. பூனாவில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் நீங்கள். தமிழ் பேசுவீர்கள், வாசிக்கச் சொன்னால் முகத்தைச் சுளிப்பீர்கள். கஷ்டப்பட்டாவது வாசியுங்கள். நம்மைத் தேடி வருகிற பெரியவர்கள் ஆபீசில் இந்தி பேசுவார்கள், கடையில் மராத்தி பேசுவார்கள், கோபம் வந்தால் மட்டும் தமிழுக்குத் திரும்பிவிடுவார்கள். அந்த நேரத்தில் அவர்கள் சொல்வது புரியவில்லை என்றால் உங்கள் படிப்பு எதற்கும் உதவாது.

ஏழுமலை என்று ஒருவர். வட ஆற்காட்டுப் பக்கத்துக்காரர். இளவயதில் பூனா வந்து, ராணுவக் கன்டோன்மென்ட்டில் ஏதோ வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என்ன வேலை என்று முதலில் நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மிச்சம் பிடித்த பணத்தில் பூனாவுக்கு வெளியே சாகண் பக்கம் கொஞ்சம் விவசாய நிலம் வாங்கிப் போட்டிருந்தார். மகாராஷ்டிராவில் விவசாயி அல்லாதவர் விவசாய நிலம் வாங்க முடியாது, தெரியும்தானே? ஊரில் அப்பா வழியில் அவருக்கு ஒரு துண்டு நிலம் இருந்தது. அந்தக் காகிதத்தைக் காட்டி வாங்கியிருந்தார். அப்போது அந்த இடத்தில் கல்லும் முள்ளும்தான். ஒரு கிணறு இருந்தது, அதுவும் ரோட்டோரத்தில்.

அவருக்கு ஒரே மகள், சுதா. பூனாவிலேயே ஹடப்சரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் நல்ல சம்பளத்தில் இருந்தவள். ஒருநாள் வேலையை விட்டுவிட்டு அந்த நிலத்துக்குப் போய் வெங்காயமும் கொத்தமல்லியும் போட ஆரம்பித்துவிட்டாள். அவள் கணவன் சாகண் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. அவன் ஒன்றும் சொல்லவில்லை, சொந்தக்காரர்கள்தான் சொன்னார்கள். பெண்ணுக்குப் பித்துப்பிடித்துவிட்டது என்றார்கள். ஏழுமலையும் அவர் மனைவி பவுனம்மாவும் மகளுக்குத் துணையாக அங்கேயே ஒரு ஷெட் போட்டுக் குடிபோய்விட்டார்கள். சில வருஷத்தில் நிலம் பச்சையாகிவிட்டது. அடுத்து பிளாஸ்டிக் கூரை வேய்ந்த பாலிஹவுஸ் போட்டு குடைமிளகாய் வளர்க்க வேண்டும் என்பது சுதாவின் ஆசை. பாங்க்கில் கடன் கேட்டாள். 'சாத்பாரா உங்கள் பெயரில் இருந்தால் தருகிறோம்' என்று சொல்லிவிட்டார்கள். நிலத்துக்கு யார் சொந்தக்காரர், என்ன பயிர் என்று சொல்கிற அந்தக் காகிதத்துக்கு இங்கே சாத்பாரா என்று பெயர். அதில் அப்பா பெயர்தான் இருந்தது.

அப்படித்தான் அப்பா, அம்மா, மகள் மூன்று பேரும் என் ஆபீசுக்கு வந்தார்கள். இதைவிடச் சுலபமான கேஸ் கிடைக்காது. அப்பா உயிரோடு இருக்கிறார், மனசோடு கொடுக்கிறார், ஒரே மகள், உள்ளூரிலேயே இருக்கிறாள். "கிஃப்ட்டா எழுதிடுங்க. நீங்க விக்கலை, அதனால உங்களுக்கு வரி இல்லை. அப்பா குடுக்கறது, அதனால அவளுக்கும் வரி இல்லை. பிள்ளைங்களுக்கு விவசாய நிலம் குடுத்தா இந்த ஸ்டேட்ல ஸ்டாம்ப் கட்டணமும் பேருக்குத்தான்" என்றேன். பின்னால் என்றைக்காவது சுதா விற்றால், அப்பா வாங்கின விலையைத்தான் அவள் வாங்கின விலையாக எடுத்துக்கொள்வார்கள் என்பதால் பழைய பத்திரத்தைப் பத்திரமாக வைக்கச் சொன்னேன்.

இதே சுலபத்தை எத்தனை பேர் சிக்கலாக்குகிறார்கள் என்று பார்க்க வேண்டும் நீங்கள். செல்ல மருமகள் பெயரில் எழுதிவிட்டு, வருமானமெல்லாம் திரும்பித் தன் கணக்கில் வந்து நின்றதும் திருதிருவென்று விழிக்கிற மாமனார்கள் உண்டு. வெளிநாட்டில் குடியேறிவிட்ட மகனுக்கு விவசாய நிலத்தைப் பரிசாக எழுதிவிட்டு, அவன் அதை அப்படி வாங்கவே கூடாது, உயில் வழியாக வந்தால்தான் உண்டு என்று கேட்டதும் என்னிடம் சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. ஏழுமலை கேஸில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. நான் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பதிவுக்கு நாள் குறித்தோம். தீபாவளி லீவுக்கு முன்னால் கிடைத்த கடைசி நேரம் அது. லீவு முடிந்து எழுதினால் பாங்க்கின் பாலிஹவுஸ் கடன் திட்டம் மூடிவிடும், அடுத்த வருஷம் வருமோ வராதோ. அன்று காலை நான் பதிவு அலுவலகத்துக்குப் போய் இறங்கினால், வாசல் பெஞ்சில் பவுனம்மா வயர் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வாங்க மேடம். உள்ள போயி பாருங்க, இந்த மனுசன் பண்ற கூத்த. காலைலேர்ந்து என்னாண்ட ஒரு வார்த்த பேசல" என்றார்.

பதிவு அலுவலகத்தை ஒட்டி வரிசையாகக் கம்ப்யூட்டர் வைத்துக்கொண்டு பத்திரம் அடித்துக் கொடுக்கிற கடைகள் இருக்குமே, அதில் ஒன்றில்தான் எங்கள் பத்திரம் தயாராகி இருந்தது. அங்கே ஏழுமலை டைப்பிஸ்ட் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். டைப்பிஸ்ட் உற்சாகமாக அடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "மேடம், ஆஜோபாங்னா கரேதிகத் பாஹிஜே" என்றார். தாத்தாவுக்குக் கரேதிகத் வேண்டுமாம். கரேதிகத் என்றால் விற்பனைப் பத்திரம். பரிசுப் பத்திரத்தைக் கிடப்பில் போட்டுவிட்டு விற்பனைப் பத்திரம் அடித்துக்கொண்டிருக்கிறார்கள், நல்லவேளையாகக் கட்டணம் இன்னும் கட்டவில்லை.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என் கோபம் உங்களுக்குத் தெரியும்.

"என்ன ஏழுமலை, என்ன பண்றீங்க நீங்க?"

"ஒண்ணுமில்ல மேடம். வித்ததா எழுதிக்கலாம்னு. சும்மா ஒரு தொகை போட்டுக்கலாம். சுதா குடுத்தா, நான் வாங்கிக்கினேன். எப்படி எழுதினா இன்னா, கையெழுத்துப் போட்டா நெலம் அவளுதுதான?"

"சும்மா ஒரு தொகைன்னா?"

"ஒரு லட்சம்."

நான் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "ஏழுமலை, அரசாங்கம் உங்க ஒரு லட்சத்தை நம்பாது. அந்த ஏரியாவுக்கு அவங்களே ஒரு ரேட் வச்சிருக்காங்க. அந்த ரேட்டுக்கு நீங்க வித்ததா எடுத்துக்குவாங்க. லாபத்துக்கு வரி கட்டச் சொல்லுவாங்க. ஸ்டாம்ப் கட்டணமும் அந்த ரேட்டுக்குத்தான்."

"வாங்காத காசுக்கு எவன் மேடம் வரி கேப்பான்?"

"இன்கம்டாக்ஸ்காரன் கேப்பான்."

"வெவசாய நெலத்துக்குத்தான் வரி கெடையாதே" என்றார். பார்த்தீர்களா, அந்தப் பாதி உண்மை.

ஊருக்கு ஒதுங்கி இருக்கிற நிலத்தை விற்றால் வரி இல்லைதான். ஆனால் நகராட்சி எல்லையிலிருந்து இத்தனை தூரத்துக்குள் இருக்கிற நிலம் அந்தக் கணக்கில் வராது. ஏழுமலை வாங்கின காலத்தில் அவர் நிலம் வெகு தூரத்தில் இருந்தது. தொழிற்சாலைகள் வந்தன, குடியிருப்புகள் வந்தன, சாகண் நகராட்சி ஆனது. நிலம் இருந்த இடத்திலேயே இருந்தது, நகரம்தான் நகர்ந்து வந்துவிட்டது. இப்போது அவர் கிணற்றடியில் நின்றால் லாரி ஹாரன் கேட்கும். விற்றால் வரி உண்டு, அதுவும் தொழிற்சாலை வந்தபின் ஏறிக்கிடக்கிற ரேட்டில். வந்த பணத்தில் வேறு விவசாய நிலம் வாங்கினால் அந்த வரியிலிருந்து தப்பிக்க ஒரு வழி இருக்கிறது. வராத பணத்தில் எங்கே போய் வாங்குவது?

இதையெல்லாம் சொன்னேன். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். தலையாட்டிவிட்டு, "பரவால்ல மேடம், வரி வந்தா நான் கட்டிக்கிறேன்" என்றார்.

"எதை வச்சுக் கட்டுவீங்க? பென்ஷன்லயா? நிலத்துல ஒரு துண்டை வித்துத்தான் கட்டணும். விக்கப் போனா எந்தத் துண்டைக் கேப்பாங்க? ரோட்டோரத்தைக் கேப்பாங்க. கிணறு எங்க இருக்கு?"

அவருக்குப் புரிந்துவிட்டது. முகம் மாறியது. கிணறு போனால் பாலிஹவுஸ் இல்லை, குடைமிளகாய் இல்லை, சுதா வேலையை விட்டுவிட்டு வந்ததற்கே அர்த்தம் இல்லை. அது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அப்படியும் அவர் எழுந்து நின்று, "அப்ப இன்னிக்கு வேணா. இன்னொரு நாளிக்குப் பாத்துக்கலாம்" என்றார். பாங்க் காத்திருக்காது என்பதும் அவருக்குத் தெரியும்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். ஒரு மனிதர் தனக்குச் சாதகமானது எது என்று நன்றாகப் புரிந்துகொண்ட பிறகும் வேண்டாம் என்கிறார். இப்படி உங்களுக்கும் நடக்கும். நீங்கள் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும். அதையே இன்னொரு முறை, இன்னும் கொஞ்சம் சத்தமாக, இன்னும் இரண்டு இங்கிலீஷ் வார்த்தை சேர்த்துச் சொல்வீர்கள். அவருக்குக் காது கேட்கிறது. மூளையும் நன்றாக வேலை செய்கிறது. அவர் மறுக்கிறது வரியை இல்லை, வேறு எதையோ. அது என்ன என்று கேட்காமல் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தால் ராத்திரி வரை போடலாம்.

"சரி. வரியை விடுங்க. கிஃப்ட் பத்திரத்துல உங்களுக்கு என்ன பிடிக்கலை?" என்று கேட்டேன்.

அவர் மேஜையில் கிடந்த எங்கள் பத்திரத்தை எடுத்து முதல் பக்கத்தைக் காட்டினார். மராத்தி எழுத்தை அவர் எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். தலைப்பில் விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். "பக்... ஷீஸ்... பத்ர."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் ஆபீசில் நாங்கள் கிஃப்ட் கிஃப்ட் என்றே பேசிக்கொண்டிருந்தோம். மராத்தியில் பரிசுப் பத்திரத்துக்கு பக்ஷீஸ்பத்ர என்றுதான் பெயர். நம் காதுக்கு பக்ஷீஸ் என்றால் ஓட்டலில் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு வருகிற சில்லறை.

"எம் பொண்ணுக்கு நான் டிப்ஸ் குடுக்கறனா மேடம்?" என்றார்.

"அய்யோ, அது மராத்தில வேற அர்த்தம் ஏழுமலை. பரிசுன்னு அர்த்தம். ஸ்கூல்ல பிள்ளைங்க ஜெயிச்சா குடுக்கறதுக்கும் அதே பேர்தான். தமிழ்ல சொன்னா தானப் பத்திரம்."

சொல்லியிருக்கக் கூடாது. "தானமா?" என்று கேட்டது ஏழுமலை இல்லை, பவுனம்மா. பெஞ்சிலிருந்து எழுந்து கடைவாசலுக்கு வந்துவிட்டிருந்தார். "தானம் கோயில்ல குடுப்பாங்க. பெத்த பொண்ணுக்கா குடுப்பாங்க? நீங்களும் நல்லா சொன்னீங்க போங்க."

டைப்பிஸ்டுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் சண்டையின் போக்கு தெரிந்துவிட்டது. என் பக்கம் குனிந்து மராத்தியில் ஒரு யோசனை சொன்னார். தலைப்பை மட்டும் இங்கிலீஷில் அடித்துவிடலாம், உள்ளே பதிவேட்டில் எப்படியும் பக்ஷீஸ்பத்ர என்றுதான் ஏறும், தாத்தா அதைப் பார்க்கவா போகிறார், மாற்றிவிட்டோம் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிவிடலாம் என்றார். நல்ல மனிதர், கெட்ட எண்ணம் இல்லை. நேரமும் ஓடிக்கொண்டிருந்தது. எங்களுக்கு முன்னால் இருந்த டோக்கனை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

நான் முடியாது என்று சொல்லிவிட்டேன். கையெழுத்துப் போடுகிறவருக்குத் தெரியாத ஒரு எழுத்துகூட அந்தக் காகிதத்தில் இருக்கக் கூடாது. அவர் நன்மைக்காகத்தானே என்று உங்களுக்கும் தோன்றும், தோன்றும்போதெல்லாம் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். ஒரு பெரியவரை அவர் நன்மைக்காக ஏமாற்ற ஆரம்பித்துவிட்டால் பிறகு நமக்கும் தரகர்களுக்கும் வித்தியாசம் இல்லை. நாளைக்கு அவர் பதிவு விவரம் இருக்கிற இன்டெக்ஸ் நகலை யாரிடமாவது காட்டிப் படிக்கச் சொன்னால் என் முகத்தில் விழிப்பாரா?

"டிப்ஸ்னு சொன்னா அவ்வளவு கோபம் ஏன் வருது?" என்று மெதுவாகத்தான் கேட்டேன்.

ஏழுமலை பவுனம்மாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "கன்டோன்மென்ட்ல நான் இன்னா வேல பார்த்தேன்னு நெனச்சிங்க? ஆபீசர் மெஸ்ல வெயிட்டரு. சர்வீஸ் பூரா அதான். அவங்க சாப்டு முடிக்கற வரைக்கும் சொவரோரமா நிப்பேன். எழுந்து போறப்ப ஏதாவது வைப்பாங்க. சில பேரு கையில குடுப்பாங்க, சில பேரு மேசமேல போட்டுட்டுப் போவாங்க. நான் தலயக் குனிஞ்சி எடுத்துக்கினு சலாம் வைக்கணும். அதுக்குப் பேரு பக்ஷீஸ். நான் வாங்கினது போதும் மேடம். அந்த வார்த்தயில எம் பொண்ணு பேரு ஏற வேணா. அவ காசு குடுத்து வாங்கினான்னு இருக்கட்டும்."

சட்டம் எனக்குத் தெரியும், வரி எனக்குத் தெரியும், அந்த மனிதருக்கு ஒரு வார்த்தை எவ்வளவு பாரம் என்பது மட்டும் தெரிந்திருக்கவில்லை. மனசு ரொம்பக் கஷ்டமாகிவிட்டது. அதே சமயம் மணியும் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

அப்போதுதான் ஒன்று தோன்றியது. இத்தனை நேரம் நாங்கள் யார் பெயரில் எழுதப் போகிறோமோ அவளைத் தவிர மற்ற எல்லோரும் பேசிக்கொண்டிருந்தோம். சுதா ஆதார் நகல் எடுக்க எதிர்ப்புறக் கடைக்குப் போயிருந்தாள். அவளைக் கூப்பிட்டு வரச் சொன்னேன். ஏழுமலை வேண்டாம் என்றார். "உங்க மானத்தைப் பத்தி மட்டும் இருந்தா நான் கூப்பிட மாட்டேன். அவ மானத்தைப் பத்திப் பேசறீங்க. அவகிட்ட கேக்க வேணாமா?" என்றேன். பவுனம்மாவே போய்க் கூட்டிக்கொண்டு வந்தார்.

சுதாவின் தமிழ் உங்கள் தமிழைப் போலத்தான் இருக்கும். பாதி வழியில் மராத்தி வந்து ஏறிக்கொள்ளும். நான் நடந்ததை நாலு வரியில் சொன்னேன். அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் தெருவைப் பார்த்தார்.

"அப்பா, என் ஸ்கூல் ஃபீஸ் எதுல கட்டினீங்க?"

அவர் பத்திரத்தை மேஜைமேல் கவிழ்த்து வைத்தார்.

"சம்பளம் ஊருக்குப் போச்சு. அம்மா எனக்கு எல்லாம் சொல்லியிருக்கா. ஃபீஸ், யூனிஃபார்ம், சைக்கிள், சக்ளம் தேச்." எல்லாமே அந்த பக்ஷீஸ் காசில்தான் என்கிறாள். "நான் காலேஜ் போனது அதுல. ஹடப்சர்ல வேலை கிடைச்சது அதனால. அந்த வேலைல சேத்த பைசால முதல் வெங்காயம் போட்டேன். எனக்கு அது வாயீட் வார்த்தை இல்லப்பா." கெட்ட வார்த்தை இல்லை என்கிறாள்.

"உனக்குத் தெரியாதும்மா. அத வாங்கறப்ப தலயக் குனியணும்."

"நான் குனிய மாட்டேன். நிமிர்ந்து வாங்கறேன். நீங்களும் நிமிர்ந்து குடுங்க. அவ்வளவுதான்."

ஏழுமலை டைப்பிஸ்ட் பக்கம் திரும்பி, முதலில் அடித்ததையே எடு என்று கை காட்டினார். டைப்பிஸ்ட் நிம்மதிப் பெருமூச்சு விட்டதைப் பார்த்து பவுனம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கால மொதலு இதத்தான சொல்லிக்கினு இருந்தேன்" என்றார். அவர் காலையிலிருந்து இதை மட்டும் சொல்லவே இல்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

டோக்கன் கூப்பிட்டார்கள். உள்ளே போனோம். போகிற வழியில் நான் ஏழுமலையிடம் ஒன்றே ஒன்று சொன்னேன். "உள்ள பதிவு ஆபீசர் மேடம் கேப்பாங்க, மோபதலா வாங்கினீங்களான்னு. அதுக்குப் பதிலா ஏதாவது வாங்கினீங்களான்னு அர்த்தம். இல்லைன்னு சொல்லணும். வேற எதுவும் சொல்லாதீங்க." பதிலுக்கு ஏதாவது வாங்கினால் அது பரிசு இல்லை. இவ்வளவு பாடுபட்டதும் வீணாகிவிடும். அவர் சரி என்று தலையாட்டினார். அவர் தலையாட்டுவதை நான் அன்று காலை நிறைய பார்த்திருந்தேன்.

பதிவு அலுவலர் நடுத்தர வயது மராத்திப் பெண்மணி. லீவுக்கு முந்தைய கூட்டத்தில் களைத்துப் போயிருந்தார். பத்திரத்தைப் புரட்டினார். பெயர் கேட்டார், வயது கேட்டார். தலையைத் தூக்காமலே, "ஆஜோபா, மோபதலா காஹி கேத்லா கா?" என்று கேட்டார்.

"கேத்லா" என்றார் ஏழுமலை. வாங்கினேன் என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சுதா "அப்பா" என்றாள். அலுவலரின் கை கீபோர்டு மேலே நின்றுவிட்டது. கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்து, என்ன வாங்கினீர்கள் என்று மராத்தியில் கேட்டார். நான் குறுக்கே பேச வாயெடுத்தேன், அந்தம்மாள் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். கொடுக்கிறவர்தான் பேச வேண்டும், அது சட்டம்.

ஏழுமலை தனக்குத் தெரிந்த மராத்தியில் சொன்னார், அவசரமில்லாமல். தான் வாழ்நாள் முழுக்க அடுத்தவர் சாப்பிடுவதை நின்றுகொண்டே பார்த்தவன் என்றார். இப்போது தினமும் மத்தியானம் வயலில் வேலை முடிந்ததும் இந்தப் பெண் எல்லோருக்கும் முன்னால் தனக்குத் தட்டு வைக்கிறாள் என்றார். தான் உட்கார்ந்து சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் அவள் தன் தட்டைத் தொடுவதில்லை என்றார். "தே கேத்லா" என்று முடித்தார். அதை வாங்கினேன்.

அலுவலர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். மோபதலா என்கிற கட்டத்தில் 'நாஹி' என்று, இல்லை என்று அடித்தார். "அதற்கெல்லாம் ஸ்டாம்ப் கட்டணம் கிடையாது ஆஜோபா, விரலை வையுங்கள்" என்று மராத்தியில் சொல்லிவிட்டு அடுத்த டோக்கன் எண்ணைப் பார்த்தார்.

விரல் ரேகை எடுத்தார்கள், போட்டோ எடுத்தார்கள். போட்டோ பத்திரத்தின் கடைசிப் பக்கத்தில் அச்சாகிவிடும், நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்தப் பத்திரம் லீவுக்கு முன்னாலேயே பாங்க்குக்குப் போய்ச் சேர்ந்தது, கூடவே சாத்பாராவில் பெயர் மாற்ற மனுவும். மறுநாள் மேனேஜர் எனக்குப் போன் செய்தார். கொஞ்சம் தயங்கித் தயங்கிப் பேசினார். எல்லாம் சரியாக இருக்கிறது, போட்டோதான் உறுத்துகிறது என்றார். கொடுக்கிறவர் வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கிறார், வாங்குகிறவர் கண் சிவக்க அழுதுகொண்டிருக்கிறார், ஏதாவது தகராறில் எழுதி வாங்கினதா மேடம் என்று கேட்டார்.

இரண்டாம் பக்கத்தைப் பாருங்கள் என்றேன். எல்லாப் பரிசுப் பத்திரத்திலும் ஒரு வாசகம் இருக்கும், இயல்பான அன்பினாலும் பாசத்தினாலும் இதைக் கொடுக்கிறேன் என்று. டைப்பிஸ்ட் பழைய பத்திரத்திலிருந்து எடுத்து ஒட்டுவது, வக்கீல் படிக்காதது, நாம் கண்ணை ஓட்டிவிட்டுத் தாண்டிப் போவது. மேனேஜர் பக்கத்தைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. முணுமுணுவென்று படித்தார்.

"இதில் தகராறு எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்" என்றேன்.

சரி, பெயர் மாறின சாத்பாரா வந்ததும் அந்தப் பெண்ணை வரச் சொல்லுங்கள், அப்பாவையும் கூட்டிக்கொண்டு வரட்டும், இருவரும் உட்கார்ந்து கடன் விஷயம் பேசலாம் என்றார்.